சளி பிடித்த ஹாரன்

மின்னஞ்சல் வந்தபோது வெனிங் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். “உங்கள் காணொளியில் பிறருக்குச் சொந்தமான ஒலி இடம்பெற்றுள்ளது” என்று அது ஆரம்பித்தது. ஒரு முறை படித்தாள். நுரையைத் துப்பிவிட்டு இன்னொரு முறை படித்தாள். பிறகு பக்கத்து வீட்டுச் சேவல் வாயை மூடிக்கொள்ளும்படி கத்தினாள்.

“பிறரா? எவன்டா அந்தப் பிறர்?”

பிறர் என்றால் ரோடா நுசா. ஜகார்த்தாவில் கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கும் விளையாட்டு நிறுவனம். அவர்களுடைய ‘நுசா பஸ்’ விளையாட்டில்தான் ஜாவாவில் பாதிப் பேர் கைப்பேசிக்குள் பஸ் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். மாட்டிக்கொண்ட காணொளியோ எட்டு வருஷத்துக்கு முந்தையது. பதினாறு வயதில், பள்ளிச் சீருடையோடு, அப்பா ஓட்டிய வில்லிஸ் ஜெயா கம்பெனி பஸ்ஸில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் நின்று அவளே பிடித்தது; சேனலில் ஏற்றியது போன வாரம்தான். அதில் அப்பாவின் கை ஒரு பொத்தானை அழுத்துகிறது, ஹாரன் பாடுகிறது, அவள் கெக்கலித்துச் சிரிக்கிறாள். அவ்வளவுதான். அந்த ஹாரன் ரோடா நுசாவுக்குச் சொந்தமாம். சிரிப்பை மட்டும் அவளுக்கு விட்டுவைத்திருந்தார்கள்.

இது மூன்றாவது புகார். மூன்று சேர்ந்தால் சேனலை மூடிவிடுவார்கள். அந்த விளையாட்டுக்காக அவள் செய்த நூற்றுப் பதினாறு பஸ்கள், ஒவ்வொன்றையும் எப்படிச் செய்தாள் என்ற பாடங்கள், மாலாங்கில் கணினிப் படிப்பு முடிக்கும்வரை அவளுக்குச் சோறு போட்ட வேலை, எல்லாம் அந்தச் சேனலில்தான் இருந்தன. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் மறுப்பு அனுப்பவேண்டும். இன்று திங்கள்.

அவள் ஊர் கெடிரிப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் அந்த ஹாரனைத் தெரியும். ரோட்டோரம் நின்று பெரிய பஸ்களைப் பார்த்து “மாமா, தெலோலெத்! மாமா, தெலோலெத்!” என்று கையாட்டுவார்கள், மனசு இருக்கிற ஓட்டுநர் ஹாரனில் பாட்டு வாசித்துவிட்டுப் போவார். பிள்ளைகள் குதிப்பார்கள், கைப்பேசியில் பிடிப்பார்கள், எந்த பஸ் நன்றாகப் பாடியது என்று மறுநாள் பள்ளியில் அடித்துக்கொள்வார்கள். பாட்டு எல்லா பஸ்ஸிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஹாரன் விற்கிற கடையிலேயே பெட்டிக்குள் பாட்டையும் போட்டுத்தான் தருவார்கள். ஆனால் வெனிங்கின் அப்பா தாரிமின் ஓட்டிய பஸ்ஸில் மட்டும் ஆறு குழல்களில் நாலாவது குழலுக்கு மூக்கடைப்பு. ஒரு மழைக்காலத்தில் பஸ் பத்து நாள் பட்டறையில் நின்றபோது குளவி ஒன்று அதற்குள் மண்கூடு கட்டிவிட்டது. அன்றிலிருந்து பாட்டு நன்றாக ஏறிக்கொண்டே போய், உச்சியில் ‘ங்ஙொய்ங்’ என்று மூக்கால் அழுதுவிட்டு இறங்கும். பிள்ளைகள் அதற்குச் ‘சளி பஸ்’ என்று பேர் வைத்தார்கள். தாரிமின் ‘சளி மாமா’ ஆனார். கூட்டை எடுத்துத் தொலையுமய்யா என்று முதலாளி மூன்று முறை சொன்னார். தாரிமின் எடுக்கவில்லை.

கல்லூரி இரண்டாம் வருஷத்தில் வெனிங் அந்த பஸ்ஸை அப்படியே விளையாட்டுக்குள் கட்டினாள். கண்ணாடியில் இருந்த கீறல், கதவில் உரிந்த நீலச் சாயம், சளி ஹாரன் எல்லாம் சேர்த்து. மூன்று வாக்கியம் எழுதி இலவசமாக விட்டாள்: எடுத்து ஓட்டுங்கள். விற்காதீர்கள். பேரைப் போடுங்கள்.

போன மாதம் ரோடா நுசா ‘பாரம்பரிய ஹாரன் தொகுப்பு’ என்று ஒன்றை விற்பனைக்கு விட்டது. நாலாவது ஹாரனைத் தட்டினால், ஏறி, ஏறி, ‘ங்ஙொய்ங்’. பேர் இல்லை. அதோடு நிற்காமல், காணொளித் தளத்தின் ஒலி கண்டுபிடிக்கும் இயந்திரத்தில் அதைத் தங்கள் சொத்து என்று பதிந்தும் வைத்துவிட்டார்கள். இயந்திரத்துக்கு என்ன தெரியும்? மூக்கடைப்பு கேட்ட இடமெல்லாம் பாய்ந்து பிடித்தது.

முதல் இரண்டு புகாருக்கும் வெனிங் மறுப்பு அனுப்பியிருந்தாள். “இது எங்கள் ஒலிப் பொறியாளரின் சொந்தப் படைப்பு. கோப்பின் தேதியை யார் வேண்டுமானாலும் மாற்றலாம்” என்று பதில் வந்தது. குளவியின் படைப்பு என்று எழுதியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

சமையலறையில் அப்பா பெசெல் தின்றுகொண்டிருந்தார். வேர்க்கடலைக் குழம்பு மீசையில் ஒட்டியிருந்தது.

“அப்பா, அந்த ஹாரன் எங்க?”

“எந்த ஹாரன்?”

“நம்ம வீட்ல எத்தன ஹாரன் இருக்கு? சளி ஹாரன்!”

“கழட்டியாச்சே. இப்பதான் பாட்டு ஹாரனே கூடாதுன்னுட்டாங்கல்ல. பிரேக்குக்கு வேண்டிய காத்த அது குடிச்சிடுது.”

“கழட்டினதத் தெரியும். கழட்டி எங்க போட்டாங்க?”

தாரிமின் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அவங்க கழட்டல. நான்தான் கழட்டச் சொன்னேன். தடை வர்றதுக்கு முன்னாடியே.”

வெனிங் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“ஙாஞ்சுக் வளைவுல ஒரு பொண்ணு. கையில ஃபோன். ஹாரனப் பிடிக்கணும்னு பின்னுக்கு நகர்ந்து நகர்ந்து ரோட்டுக்கே வந்துட்டா. ஒரு முழம். ஒரு முழந்தான் இருந்துச்சு. அன்னிக்குச் சாயங்காலமே பட்டறை ரோசிகின்கிட்ட, கழட்டுடான்னுட்டேன்.”

“என்கிட்ட சொல்லவே இல்ல.”

“உனக்கு அப்ப பரீட்சை. சொன்னா அழுவ.”

“நான் அழுவேனா?”

“கத்துவ. உனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

ரோட்டில் அந்த ஹாரன் இனி ஒலிக்கக் கூடாது. அது அவளுக்கும் சரியென்றுதான் பட்டது. ஆனால் ரோட்டில் இல்லாமல் போனது ஒரே ஒரு இடத்தில் உயிரோடு இருந்தது, விளையாட்டுக்குள். அங்கே போய் எவனோ அதற்குப் பூட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கிறான். ரோட்டில் ஓட்டியவனுக்கும் இல்லை, கேட்டுக் குதித்தவனுக்கும் இல்லை, பத்திரம் எழுதியவனுக்கு. இதற்குத்தான் அறிவுச் சொத்து என்று பேர். இதில் அறிவு எங்கே இருக்கிறது என்று கல்லூரியில் ஒரு பேராசிரியரைக் கேட்டு, வகுப்பை விட்டு வெளியே நின்றவள் அவள்.

“ரோசிகின்கிட்டதான் கெடக்கும்” என்றார் தாரிமின். “வேணும்னா வாங்கிக்க. ஆனா நான் கேமரா முன்னாடியெல்லாம் வரமாட்டேன். சொல்லிட்டேன்.”

---

ரோசிகின் முன்பு வில்லிஸ் ஜெயா பட்டறையில் மெக்கானிக். இப்போது புறவழிச்சாலையில் சொந்தமாகப் பஞ்சர் கடை வைத்திருந்தார். காற்றடிக்கும் பெரிய கம்ப்ரஸர் இருந்தது. வெனிங்குக்கு வேறென்ன வேண்டும்?

திட்டம் இதுதான். லாரி உதிரிபாகக் கடையில் வேலை பார்க்கும் ஃபத்கூர், சனிக்கிழமை மதியம்தோறும் விளையாட்டுக்குள் ஒரு கூட்டு ஓட்டம் நடத்துவான். இருநூறு பேர் இருநூறு ஊரில் உட்கார்ந்துகொண்டு, ஒரே ரோட்டில் வரிசையாக பஸ் ஓட்டுவார்கள். பல்லாயிரம் பேர் நேரலையில் பார்ப்பார்கள். ஃபத்கூர் வாய் ஓயாமல் வர்ணனை செய்வான். புது ஹாரன் தொகுப்பைப் பற்றிப் பேச ரோடா நுசாவிலிருந்து ஒரு ஆளைக் கூப்பிட்டான். விளம்பரம் ஆயிற்றே, உடனே ஒத்துக்கொண்டார்கள். அந்த ஆள் திரையில் இருக்கும்போதே நிஜ ஹாரனைக் கம்ப்ரஸரில் மாட்டி ஊதுவது. மூக்கால் அழுவதை உலகம் கேட்கட்டும். அந்தப் பதிவையே மறுப்போடு இணைத்து ஐந்து மணிக்குள் அனுப்புவது. கோப்பின் தேதியை மாற்றலாம். குளவிக் கூட்டை மாற்ற முடியாதல்லவா!

சனிக்கிழமை மூன்று மணிக்குப் பஞ்சர் கடையில் கால் வைக்க இடமில்லை. ஃபத்கூர் இரண்டு கைப்பேசி, ஒரு மடிக்கணினி, ஒரு மைக்கோடு டயர் அடுக்கின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தான். கடை வாசலில் மஞ்சள் டோஃபு பொரிப்பவள் வியாபாரத்தை விட்டுவிட்டு எட்டிப்பார்த்தாள். தாரிமின் வந்திருந்தார், ஆனால் லாரி டயர்களுக்குப் பின்னால், தொப்பியை மூக்குவரை இறக்கிக்கொண்டு.

“மாமா, ஒரே ஒரு வணக்கம் மட்டும் சொல்லுங்க” என்றான் ஃபத்கூர்.

“நான் இங்க இல்ல.”

“அப்ப பேசறது யாரு?”

“டயரு.”

ரோசிகின் உள்ளேயிருந்து துணியில் சுற்றிய மூட்டையைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார். துணியைப் பிரித்தார். ஆறு குழல்களும் கண் கூசும்படி மின்னின.

“எப்படி? ரெண்டு நாளா தேய்ச்சேன். டிவில வர்றோமில்ல!”

“டிவி இல்ல மாமா, நேரலை” என்றாள் வெனிங். ஆனாலும் முகமெல்லாம் பல்லாக இருந்தாள். கேமராவில் எவ்வளவு அழகாக விழும்! குனிந்து காற்றுக் குழாயை மாட்டினாள்.

திரையில் ஒரு கட்டத்துக்குள் ரோடா நுசாவின் ஆள் ரெனால்டி வந்தான். நல்ல சட்டை, நல்ல வெளிச்சம், பின்னால் ஒரு செடி.

“வணக்கம் அக்கா! உங்க பஸ்ஸெல்லாம் நான் பாத்திருக்கேன் அக்கா. சூப்பர் அக்கா.”

“எனக்கு இருபத்தி நாலு. உங்களுக்கு எத்தன?”

“முப்பத்தொண்ணு அக்கா.”

“அப்ப நான் எப்படி அக்கா?”

“அது... ரசிகர்கள் எல்லாரையும் நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம் அக்கா.”

நேரலையின் ஓரத்தில் சிரிப்புப் பொம்மைகள் கொட்டின. விளையாட்டுக்குள் இருநூறு பஸ்கள் சுரபாயா சாலையில் வரிசை கட்டி நின்றன. ஃபத்கூர் குரலை உயர்த்தினான். “மக்களே! பதினாலாயிரம் பேர் பாக்கிறீங்க! இப்ப நாம கேக்கப்போறது கெடிரியோட நிஜமான, ஒரிஜினலான, சளி பிடிச்ச...”

“மூச்சு விடு அண்ணா” என்றாள் வெனிங். பிறகு கேமராவைப் பார்த்தாள். “ரெனால்டி சார், உங்க நாலாவது ஹாரன் உங்க ஆளு செஞ்சதுன்னு எழுத்துல குடுத்திருக்கீங்க. உச்சியில ஒரு மூக்கடைப்பு வருதே, அத ஏன் வெச்சாருன்னு அவரக் கேட்டீங்களா?”

“அது ஒரு கலைநயம் அக்கா. பழைய உணர்வு வரணும்னு.”

“கலைநயமா? அது குளவிக் கூடு. கேளுங்க.”

பொத்தானை அழுத்தினாள்.

ஹாரன் பாடியது. ஏறியது, ஏறியது, உச்சிக்குப் போனது. பளிச்சென்று, சுத்தமாக, சங்கீதப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒரு சுரம். இறங்கியது.

வெனிங் திரும்ப அழுத்தினாள். திரும்பவும் அதே சுத்தம்.

“அழகான ஹாரன் அக்கா” என்றான் ரெனால்டி, உண்மையிலேயே மரியாதையாக. “ஆனா இது எங்களோடது இல்லையே.”

வெனிங் மெதுவாகத் திரும்பினாள். “ரோசிகின் மாமா. உள்ள என்ன பண்ணீங்க?”

ரோசிகினின் முகம் தேய்த்த குழலைவிட வெளுத்திருந்தது. “உள்ள... மண்ணு அடைச்சிருந்துச்சு. கம்பி விட்டுக் குத்தி எடுத்துட்டேன். ஊதினா நல்லா வரணுமேன்னுதான்... உங்கப்பா பேர் கெட்டுடக் கூடாதுன்னு...”

டயர்களுக்குப் பின்னாலிருந்து ஒரு கதறல் கேட்டது. “கூட்டையாடா எடுத்த? பன்னண்டு வருஷம் நான் காப்பாத்தின கூட்டையாடா எடுத்த?” தொப்பி பறந்தது. தாரிமின், வரவே மாட்டேன் என்ற தாரிமின், பதினாலாயிரம் பேர் முன்னால் வந்து நின்றார். “முதலாளி சொல்லியே நான் எடுக்கலடா! இருட்டுலகூடப் பசங்க அத வெச்சுத்தான் என் பஸ்ஸ அடையாளம் கண்டாங்க!”

மணி மூன்று நாற்பது. ஒரே சாட்சி. அதையும் அன்பாகக் கம்பி விட்டுக் குத்தியாயிற்று. ரோசிகினைத் திட்ட வாயெடுத்தாள். அவர் கண் கலங்கி நிற்பதைப் பார்த்து வார்த்தையை விழுங்கினாள். தன்னைத்தான் உதைத்துக்கொள்ளவேண்டும். தேய்க்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எல்லாம் தெரியும் என்ற திமிரில் சொல்லவில்லை.

“ஒரு நிமிஷம்” என்றான் ஃபத்கூர். திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். “ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். யாரோ எழுதறாங்க. ‘அது சளி மாமாவா? நிஜமாவே சளி மாமாவா?’”

அடுத்த வரி வந்தது. ‘மாமா, என்ன ஞாபகமிருக்கா? பாப்பார் சந்தை, சிவப்புக் குடை.’

அடுத்தது. ‘என்கிட்ட வீடியோ இருக்கு. என் தம்பி சுன்னத் விருந்தன்னிக்கு எடுத்தது. பின்னாடி சளி பஸ் போகுது. போடவா?’

“போடு!” என்று ஃபத்கூர் அலறினான். “இருக்கிறவங்க எல்லாரும் போடுங்க! பெட்டியத் தோண்டுங்க, பழைய ஃபோனச் சார்ஜ் போடுங்க! போடுங்க மக்களே!”

வெனிங் நெற்றியில் அறைந்துகொண்டாள். எட்டு வருஷமாக அந்த ஹாரனைத் தன்னுடையது என்றே நினைத்திருந்தாள். தான் பிடித்தது, தான் கட்டியது, தன் அப்பாவுடையது. ரோட்டோரத்தில் எத்தனை கைப்பேசிகள் உயர்ந்திருந்தன! தன் காணொளியிலேயே ஜன்னலுக்கு வெளியே தெரிகிற கைகள். ஒரு நாளாவது அவற்றை நினைத்தாளா?

வந்தன. முதலில் ஏழு. கொஞ்ச நேரத்தில் அறுபது. ‘பள்ளி விட்டு வரும்போது.’ ‘தங்கச்சி முதல்முறை சைக்கிள் ஓட்டியபோது.’ ‘ஆடு தொலைஞ்ச அன்னிக்கு.’ எல்லாவற்றிலும் எங்கோ ஓர் ஓரத்தில் நீலக் கதவு போட்ட பஸ் ஒன்று கடந்துபோனது, எல்லாவற்றிலும் அது உச்சிக்கு ஏறி மூக்கால் அழுதது. ஃபத்கூர் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் ஓட்டினான். ங்ஙொய்ங். ங்ஙொய்ங். டோஃபு பொரிப்பவள் விழுந்து விழுந்து சிரித்தாள். தாரிமின் திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, “அந்தக் குடைப் பொண்ணு! இவன் தினம் கல்லு மேல நிப்பான்! இவ்ளோ பெருசாயிட்டானா?” என்று கத்திக்கொண்டிருந்தார்.

“இதெல்லாம் இப்பக்கூட எடுத்திருக்கலாம் அக்கா” என்றான் ரெனால்டி, குரல் கொஞ்சம் இறங்கி. “தேதி...”

அப்போதுதான் அது நடந்தது.

‘அண்ணா, என் வீடியோவுக்குப் புகார் வந்துடுச்சு’ என்று ஒருத்தி எழுதினாள். ‘எனக்கும்.’ ‘எனக்கும்!’ ‘ரோடா நுசாவுக்குச் சொந்தமான ஒலியாம். என் தம்பி சுன்னத்துல!’

இயந்திரம் விழித்துக்கொண்டது. மூக்கடைப்பு கேட்ட இடமெல்லாம் பாய்ந்தது. சிலர் இப்போது ஏற்றியவை. சிலர் வருஷக்கணக்காகத் தளத்திலேயே வைத்திருந்து, நண்பர்களுக்கு மட்டும் காட்டியவை, இப்போது எல்லாருக்கும் திறந்துவிட்டவை. அவற்றுக்குத் தளமே போட்ட தேதி இருந்தது. அதை எவனும் மாற்ற முடியாது.

ஃபத்கூர் டயர் மேலேயே எழுந்து நின்றான். “மக்களே! பாருங்க! ஆடு தொலைஞ்ச வீடியோ, தளத்துல ஏத்தி ஒம்பது வருஷம் ஆச்சு! ரோடா நுசா கம்பெனி ஆரம்பிச்சு எத்தன வருஷம் சார்?”

ரெனால்டி சட்டைக் காலரைச் சரிசெய்தான்.

“அஞ்சு!” என்றாள் வெனிங். “அஞ்சு வருஷம்! அவங்க வலைத்தளத்துலயே பெருமையாப் போட்டிருக்கு! கம்பெனி பொறக்கிறதுக்கு நாலு வருஷம் முன்னாடியே ஊதின ஹாரன, இது எங்களோடதுதான்னு அவங்க இயந்திரமே வாக்குமூலம் குடுக்குது! நான் நிரூபிக்க வேண்டியத அதுவே நிரூபிச்சிடுச்சு சார்! ரெண்டும் ஒரே ஒலி, எது முந்துனதுன்னு தேதி சொல்லும். ஒவ்வொரு புகாரும் ஒரு சாட்சி! இன்னும் அனுப்பச் சொல்லுங்க!”

நேரலையில் எண்ணிக்கை முப்பதாயிரத்தைத் தாண்டியது. ரெனால்டியின் கட்டம் இருண்டது. செடியும் போனது.

---

நாலு இருபதுக்கு வெனிங்கின் கைப்பேசி அடித்தது. ரெனால்டி, இம்முறை தனியாக. அவள் கம்ப்ரஸருக்குப் பின்னால் போய் நின்று எடுத்தாள்.

“வெனிங்” என்றான். அக்கா காணாமல் போயிருந்தாள். “மேல பேசிட்டேன். நீங்க சொல்றத ஏத்துக்கறோம். உங்க பேரு விளையாட்டுல வரும். ‘ஹாரன்: வெனிங், கெடிரி’ன்னு. எல்லாத் திரையிலயும். மூணு புகாரையும் இப்பவே வாபஸ் வாங்கிடறோம். ஒரே ஒரு தாள்தான். நீங்கதான் இதுக்கு ஒரே உரிமையாளர்னு கையெழுத்து, அந்த உரிமைய எங்களுக்குக் குடுக்கறீங்கன்னு ஒரு கையெழுத்து.”

அவள் நெஞ்சு துள்ளியது. பொய் சொல்வானேன், துள்ளத்தான் செய்தது. பேரைப் போடுங்கள் என்று பத்தொன்பது வயதில் கெஞ்சியது இதற்குத்தானே? அவர்கள் தெருவில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். ‘பட்டம் வாங்கிட்டு வீட்ல பஸ் விளையாடுது’ என்று சிரித்தவர்கள் கைப்பேசியிலெல்லாம் அவள் பேர் வரும்.

“அப்ப அந்தப் பசங்க வீடியோவுக்குப் போட்ட புகார்?” என்றாள்.

“அது... ஒலி உங்களோடதுன்னு ஆயிட்டா, உங்க உரிமையத்தான நாங்க பாதுகாக்கறோம். அவங்க அனுமதி வாங்கிப் போட்டுக்கலாம்.”

“தம்பி சுன்னத்து வீடியோவுக்கு என்கிட்ட அனுமதி வாங்கணுமா?”

“சட்டப்படி.”

“சார், நீங்க ரோட்டோரம் நின்னு ஹாரன் கேட்டிருக்கீங்களா?”

“சின்ன வயசுல கேட்டிருக்கேன். எல்லாருந்தான்.”

“அன்னிக்கு எந்தக் கம்பெனியும் உங்கள நிறுத்தல. இன்னிக்கு நீங்க எல்லாரையும் நிறுத்தறீங்க, அதுக்கு என் கையெழுத்து வேணும்ங்கறீங்க. திருடிட்டு, திருட்டுல பங்கு தர்றேன்னு கூப்பிடறீங்க. போடமாட்டேன்.”

“சேனல் போயிடும் வெனிங். நாற்பது நிமிஷம் இருக்கு.”

“முப்பத்தாறு” என்று சொல்லி வைத்துவிட்டாள். சைக்கிளில் இரண்டு கையையும் விட்டு ஓட்டுகிறபோது வருகிற ஒரு குதூகலம் வயிற்றிலிருந்து ஏறியது.

மடிக்கணினியைப் பிடுங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். மறுப்புப் படிவம். முதல் கட்டம்: ‘இந்த ஒலியின் உரிமையாளர் யார்?’ திங்கட்கிழமை அதில் கொட்டை எழுத்தில் தன் பேரைப் போட்டு வைத்திருந்தாள். அதை அழித்தாள்.

“ஃபத்கூர் அண்ணா, புகார் வந்த வீடியோ எத்தன?”

“நானூத்திப் பதிமூணு! இல்ல, பதினாறு!”

“எல்லா இணைப்பையும் குடு. தேதிப்படி அடுக்கிக் குடு.”

வெனிங் திரும்பினாள். “அப்பா, பேர் எழுதணும். யாரோடது அந்த ஹாரன்?”

தாரிமின் தலையைச் சொறிந்தார். “பாட்டு கடைக்காரன் குடுத்தது. ஹாரன் முதலாளியோடது. நான் பொத்தான அமுக்கினேன். கூடு குளவியோடது.”

“அப்படியே எழுதறேன்.”

“ஏய், படிச்ச புள்ளன்னு சொல்றாங்க, குளவின்னா எழுதுவ?”

“எழுதுவேன்.”

எழுதினாள். ‘பாட்டு எல்லா பஸ்ஸிலும் இருந்தது, அது யாருடையதும் இல்லை. அதில் இருக்கும் கோளாறு ஒரு குளவி செய்தது. அதைப் பன்னிரண்டு வருஷம் எடுக்காமல் வைத்திருந்தவர் ஓட்டுநர் தாரிமின். கேட்டவர்களும் பதிவு செய்தவர்களும் கீழே உள்ள நானூற்றுப் பதினாறு பேர். புகார் கொடுத்த நிறுவனம் இந்தப் பட்டியலில் இல்லை. நானும் விற்க மாட்டேன், யாரும் விற்க வேண்டாம்.’ கீழே பட்டியலை ஒட்டினாள். நாலு ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினாள்.

எட்டு நிமிஷம். எல்லாரும் கடைக் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்கள். விளையாட்டுக்குள் இருநூறு பஸ்களும் விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தன. ரோசிகின் மட்டும் நிற்கவில்லை. பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டியின் அடியில் கைவிட்டு ஒரு பிடி களிமண்ணை எடுத்துக்கொண்டு வந்தார். தாரிமினிடம் நீட்டினார்.

தாரிமின் அதை வாங்கி விரலால் நாலாவது குழலுக்குள் அப்பினார். “ஊது.”

ங்ங்.

“ரொம்ப அடைச்சிட்டப்பா. நிமோனியா மாதிரி இருக்கு. கொஞ்சம் எடு.”

நேரலையில் முப்பதாயிரம் பேரும் வைத்தியரானார்கள். ‘இன்னும் உள்ள தள்ளுங்க மாமா!’ ‘இடது பக்கம்!’ ‘அவ்வளவு இல்ல, சளி லேசாத்தான் இருந்துச்சு!’

நாலு ஐம்பத்தெட்டுக்கு மடிக்கணினி ‘டிங்’ என்றது. வெனிங் படித்தாள். திரும்பப் படித்தாள். திங்கட்கிழமை பல் தேய்க்கும்போது படித்த மாதிரியே, ஆனால் இம்முறை சத்தமே வரவில்லை.

“என்னம்மா? சொல்லித் தொலை!” என்றான் ஃபத்கூர்.

“ரோடா நுசாவே புகார வாபஸ் வாங்கிட்டாங்க. அந்த ஒலியவே பதிவுலருந்து எடுத்துட்டாங்க. என்னோடது மூணு, பசங்களோடது நானூத்திப் பதினாறு. எல்லாம்.”

பஞ்சர் கடை கூரை எழுந்து உட்கார்ந்தது. ஃபத்கூர் டயரிலிருந்து சரிந்து விழுந்தான், மைக்கை மட்டும் விடாமல். டோஃபுக்காரி தட்டோடு உள்ளே வந்து யார் யார் வாயிலோ டோஃபுவைத் திணித்தாள். விளையாட்டுக்குள் இருநூறு பஸ்களும் ஒரே நேரத்தில் ஹாரனை அமுக்கின. கடையிலிருந்த மூன்று கருவிகளிலும் இருநூறு மூக்கு ஒன்றாக அழுதது.

“சத்தம் போடாதீங்க!” என்று தாரிமின் அதட்டினார். குழலுக்குள் விரலை விட்டு, கண்ணை மூடி, மண்ணை அரை நகக்கண் அளவுக்கு நகர்த்திக்கொண்டிருந்தார். “இப்ப ஊதும்மா. இப்பதான் சரியா வரும்.”

வெனிங் பொத்தானில் கை வைத்தாள்.